திங்கட்கிழமையின் மஞ்சள் சட்டை

2022 மார்ச் 20, ஞாயிற்றுக்கிழமை இரவு கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டம் நடந்தது. ராகுல் கே.பி. 68ஆவது நிமிடத்தில் அடித்த கோலால் கேரளா பிளாஸ்டர்ஸ் முன்னிலையில் இருந்தது. இன்னும் சில நிமிடங்கள் தாக்குப்பிடித்திருந்தால் கிளப்பின் முதல் கோப்பை கைக்கு வந்திருக்கும். 88ஆவது நிமிடத்தில் ஹைதராபாதின் சாஹில் தவோரா தொலைவிலிருந்து உதைத்த பந்து வலைக்குள் போனது. கூடுதல் நேரத்திலும் முடிவு வரவில்லை. பெனால்ட்டியில் கோல்கீப்பர் லட்சுமிகாந்த் கட்டிமணி மூன்று உதைகளைத் தடுக்க, 3-1 என்று ஹைதராபாத் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனது. 2014, 2016 ஆண்டுகளைத் தொடர்ந்து இறுதியில் பிளாஸ்டர்ஸ் தோற்றது இது மூன்றாவது முறை.

அன்று அவர்கள் தங்கள் மஞ்சளில்கூட ஆடவில்லை. லீக் பட்டியலில் ஹைதராபாத் மேலே இருந்ததால் மஞ்சள் ஜெர்ஸி அவர்களுக்குப் போனது. பிளாஸ்டர்ஸ் மாற்று உடையில் இறங்கியது. காலரி முழுக்க மஞ்சள் அணிந்த மலையாளிகள் உட்கார்ந்திருக்க, களத்தில் மஞ்சள் அணிந்து ஓடியவர்கள் எதிரணியினர். அந்த ஆட்டத்தைப் பார்க்கக் கோவாவுக்குக் கிளம்பிய மலப்புறத்து இளைஞர்கள் இருவர் காசர்கோடு மாவட்டத்தில் சாலை விபத்தில் இறந்துபோனார்கள். ரசிகர்கள் அந்த வார இறுதியை நினைக்கும்போது தவோராவின் கோலோடு இதுவும் சேர்ந்தே நினைவுக்கு வருகிறது.

ஒரு திருவனந்தபுரத்து ரசிகருக்கு அந்த சனி, ஞாயிறு இதோடு முடியவில்லை. சனிக்கிழமை மாலை 6 மணிக்கு ஆர்சனல், ஆஸ்டன் வில்லாவை 1-0 என்று வென்றது. அன்று இரவே எஃப்.ஏ. கோப்பையில் செல்சி 2-0 என்று மிடில்ஸ்பரோவைத் தாண்டியது. ஞாயிறு இரவு ஃபடோர்டாவில் கண்ணீர் காயும் முன்பே நாட்டிங்ஹாமில் லிவர்பூல் 1-0 என்று ஜெயித்தது. பிறகு நள்ளிரவு தாண்டி 1.30க்கு மாட்ரிட். பெர்னபேயு மைதானத்தில் பார்சிலோனா 4-0 என்று ரியல் மாட்ரிட்டைத் துவைத்து எடுத்தது. ஒபமயாங் இரண்டு கோல். பிளாஸ்டர்ஸையும் பார்சிலோனாவையும் ஒன்றாக நெஞ்சில் வைத்திருந்தவருக்கு ஒரே இரவில் துக்கமும் சந்தோஷமும் வந்தன. பிளாஸ்டர்ஸும் ரியலும் என்றிருந்தவர் நிலைமையைச் சொல்லவே வேண்டாம்.

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போயாக வேண்டும். சாலைக் கடைத்தெருவில் ஷட்டர் தூக்க வேண்டும், கிழக்கேகோட்டையில் பஸ் பிடிக்க வேண்டும், டெக்னோபார்க்கில் விரல் பதிக்க வேண்டும். அந்தத் திங்கட்கிழமையில் அவர் எந்தச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார், யாரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்பவை உளவியலாளர்கள் ஐம்பது ஆண்டுகளாகத் துருவிக்கொண்டிருக்கும் கேள்விகள்.

அவர்களில் முன்னோடி ராபர்ட் சியால்டினி. அவரும் சக ஆய்வாளர்களும் 1976இல் வெளியிட்ட கட்டுரைக்கு அடிப்படை, அமெரிக்காவின் ஏழு பல்கலைக்கழகங்களில் 1973 பருவத்தில் எடுத்த கணக்கு. அந்நாட்டில் ஃபுட்பால் என்றால் முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும் ஆட்டம். கல்லூரி அணிகளின் ஆட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை. திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் மாணவர்களில் எத்தனை பேர் தங்கள் பல்கலைக்கழகப் பெயர் பொறித்த சட்டையோ பையோ கொண்டுவருகிறார்கள் என்று எண்ணினார்கள். அணி ஜெயித்த வாரங்களில் அந்த எண்ணிக்கை கூடியது. பிறகு தொலைபேசியில் கூப்பிட்டு ஆட்டத்தைப் பற்றிப் பேசவிட்டார்கள். ஜெயித்த ஆட்டம் என்றால் ‘நாம ஜெயிச்சோம்’ என்ற பேச்சு அதிகம். தோற்ற ஆட்டத்தில் ‘அவங்க தோத்துட்டாங்க’ என்று அணியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். ஒரு சிறு தேர்வில் மதிப்பெண் குறைந்துபோனதாகச் சொல்லப்பட்ட மாணவர்களிடம் இந்தப் போக்கு இன்னும் தூக்கலாக இருந்தது. பிறர் புகழில் குளிர்காய்வது என்று நாம் சொல்வதை சியால்டினி எண்ணிக் காட்டினார். தோல்வியிலிருந்து விலகி நிற்கும் பழக்கத்தை 1986இல் சி.ஆர். ஸ்னைடரும் அவருடைய சகாக்களும் தனியாக ஆராய்ந்தார்கள்.

இந்த ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆனால் பிளாஸ்டர்ஸ் ரசிகரை இது பாதிதான் விளக்குகிறது என்பது என் கருத்து. 2014இல் தொடங்கிய அந்த கிளப் முதல் பத்து ஆண்டுகளில் ஒரு கோப்பையும் வெல்லவில்லை. குளிர்காய நெருப்பே இல்லை. இருந்தும் கொச்சி கலூர் மைதானம் பல பருவங்களில் நிரம்பி வழிந்தது. மஞ்சப்படை என்ற ரசிகர் கூட்டம் நாடு முழுக்கப் பெயர் பெற்றது. 2023 மார்ச் 3ஆம் தேதி பெங்களூருவில் எதிரணியின் சுனில் சேத்ரி வேகமாக எடுத்த ஃப்ரீ கிக்கை எதிர்த்து அணி ஆட்டத்தை முடிக்காமல் களத்தைவிட்டு வெளியேறியது. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம் விழுந்தது. ரசிகர்களில் பெரும்பகுதியினர் அணியின் பக்கமே நின்றார்கள். தோற்கத் தோற்க ஒட்டிக்கொள்ளும் இந்த உறவுக்கு வேறு விளக்கம் தேட வேண்டும்.

முதலில் தோல்வியின் எடையைப் பார்ப்போம். பிரிட்டனில் பீட்டர் டால்டன், ஜார்ஜ் மெக்கெரன் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2018இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கைபேசிச் செயலி ஒன்று சுமார் 32,000 பேரிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் ‘இப்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறீர்கள்’ என்று கேட்டுச் சேர்த்த 30 லட்சம் பதில்களைக் கால்பந்து முடிவுகளோடு பொருத்திப் பார்த்தார்கள். தன் அணி ஜெயித்தால் முதல் ஒரு மணி நேரத்தில் மகிழ்ச்சி நூற்றுக்கு ஏறக்குறைய 4 புள்ளி ஏறுகிறது. தோற்றால் ஏறக்குறைய 8 புள்ளி இறங்குகிறது. மூன்றாவது மணி நேரத்தில் வெற்றியின் சந்தோஷம் ஏறக்குறைய 1 புள்ளியாகத் தேய்ந்துவிடுகிறது. தோல்வியின் வலி அப்போதும் 3 புள்ளிக்கு மேல். ஜெயிப்பதும் தோற்பதும் சரிபாதி என்று வைத்துக்கொண்டால்கூட, கணக்குப்படி ஒரு ரசிகர் தன் வாழ்நாளில் நஷ்டத்தில்தான் முடிகிறார்.

மனசோடு இது நிற்பதில்லை. 1994 உலகக் கோப்பை இறுதியில் பிரேசில் இத்தாலியைப் பெனால்ட்டியில் வென்றது. அதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களின் உமிழ்நீரைச் சோதித்தபோது, பிரேசில் ரசிகர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஏறியிருந்தது, இத்தாலி ரசிகர்களுக்கு இறங்கியிருந்தது. ஆடியவர்கள் கலிஃபோர்னியாவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். பார்த்தவர்கள் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. 2006இல் ஜெர்மனியில் உலகக் கோப்பை நடந்தபோது மியூனிக் வட்டாரத்து மருத்துவர்கள் அவசரப் பதிவுகளை ஒப்பிட்டார்கள். ஜெர்மனி ஆடிய நாள்களில் இதயக் கோளாறால் வந்தவர்கள் மற்ற நாள்களைவிட 2.66 மடங்கு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்த்தோம் என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்கிறோம். அதைச் சொல்பவருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு இருந்தால் வீட்டார் அந்த வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. இங்கிலாந்தின் லங்காஷயர் காவல்துறைப் பதிவுகளை வைத்து லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002, 2006, 2010 உலகக் கோப்பைகளை ஆராய்ந்தார்கள். இங்கிலாந்து ஜெயித்த அல்லது சமன் செய்த நாள்களில் குடும்ப வன்முறைப் புகார்கள் 26 சதவீதம் கூடின. தோற்ற நாள்களில் 38 சதவீதம். அமெரிக்க ஃபுட்பாலில் டேவிட் கார்டும் கார்டன் டாலும் 2011இல் கண்டது இன்னும் நுட்பமானது: ஜெயிக்கும் என்று எல்லோரும் நம்பிய உள்ளூர் அணி எதிர்பாராமல் தோற்ற ஞாயிற்றுக்கிழமைகளில், ஆண்கள் வீட்டுப் பெண்களை அடிப்பது சுமார் 10 சதவீதம் கூடியது. தோற்கும் என்று எதிர்பார்த்தே தோற்றால் அந்தக் கூடுதல் இல்லை. நொறுங்கிய எதிர்பார்ப்பின் விலையை அடுப்படியில் நிற்கிற ஒருத்தி கொடுக்கிறாள்.

கேரளம் இதற்கு விலக்கு என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. 2022 டிசம்பர் 18, ஞாயிறு இரவு அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றபோது மாநிலம் முழுக்க வெடி வெடித்தது. அன்று அரசு மதுக்கடைகளில் சுமார் 50 கோடி ரூபாய்க்கு விற்பனை என்று செய்தி வந்தது. கண்ணூரில் கத்திக்குத்து. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியான பொழியூரில், கொண்டாட்டக் கூட்டத்தைக் கட்டுப்படுத்தப் போன காவல் உதவி ஆய்வாளர் தாக்கப்பட்டார். அந்த இரவில் வீடுகளுக்குள் என்ன நடந்தது என்பதை எந்த நாளேடும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. லங்காஷயரில் செய்ததைப் போல நம் காவல் நிலையப் பதிவுகளையும் மகளிர் உதவி எண் அழைப்புகளையும் ஆட்ட நாள்களோடு பொருத்திப் பார்ப்பது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் பெரிய செலவு பிடிக்காத வேலை. கட்டாயம் செய்ய வேண்டிய வேலையும்கூட.

இவ்வளவு கனமும் யாருக்காக? ஆயிரக்கணக்கான மைல் தாண்டி ஆடும் அணிகளுக்காக. 1985இல் திருவனந்தபுரம் தூர்தர்ஷன் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே மெக்சிகோ உலகக் கோப்பை. மரடோனா வீட்டுக்குள் வந்தார். அன்று பள்ளிக்கூடப் பையன்களாக இருந்தவர்களின் பிள்ளைகள் இன்று மெஸ்ஸியின் பெயர் போட்ட சட்டையில் திரிகிறார்கள். செயற்கைக்கோளும் கைபேசியும் இந்தத் தூரத்தை விசித்திரமான விதத்தில் சுருக்கியிருக்கின்றன. இங்கிலாந்தில் சனிக்கிழமை மதியம் 2.45 முதல் 5.15 வரை கால்பந்தை நேரடியாகத் தொலைக்காட்சியில் காட்டக் கூடாது என்பது 1960களிலிருந்து வரும் ஏற்பாடு. ஜனங்கள் மைதானத்துக்குப் போவது குறைந்துவிடக் கூடாது என்பது காரணம். அந்த 3 மணி ஆட்டம் நமக்கு இரவு 7.30க்கோ 8.30க்கோ வரும். மான்செஸ்டரில் டிக்கெட் கிடைக்காத ஒருவர் தன் ஊர் அணியின் ஆட்டத்தைத் திரையில் பார்க்க முடியாத நேரத்தில், பேட்டையிலோ கழக்கூட்டத்திலோ இருப்பவர் கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆனால் தூரத்து அணிக்கு நம்மைத் தெரியுமா? 2022 வெற்றிக்குப் பிறகு அர்ஜென்டினா கால்பந்துச் சங்கம் நன்றி சொன்ன இடங்களில் கேரளமும் இருந்தது. அன்று இங்கே பலர் கண் கலங்கினார்கள். அர்ஜென்டினா கேரளத்தில் வந்து ஆடும் என்று 2024 நவம்பரில் மாநில விளையாட்டு அமைச்சர் அறிவித்தார். 2025 நவம்பரில் வருகை உறுதி என்ற நிலை வந்து, அக்டோபரில் அது தள்ளிப்போனது. கொச்சியில் மெஸ்ஸியைப் பார்க்கக் காசு சேர்த்துவைத்த பையன்களுக்கு அது எந்தப் பட்டியலிலும் ஏறாத தோல்வி.

இங்கேதான் டேனியல் வான் என்ற அமெரிக்க உளவியலாளரின் பணி உதவுகிறது. ரசிகராக இருப்பதால் ஒருவருக்கு மனநலத்தில் ஏதாவது லாபம் உண்டா என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். உள்ளூர் அணியோடு ஒட்டுறவு உள்ளவர்களிடம் தனிமை உணர்வு குறைவாகவும் பிறரோடு சேர்ந்திருக்கும் உணர்வு கூடுதலாகவும் இருப்பதைக் கண்டார். அணி ஜெயிக்கிறதா தோற்கிறதா என்பது அதில் முக்கியமில்லை. தொலைதூர அணி என்றால் அந்த லாபம் தானாக வந்துவிடாது. அதே அணியை நேசிப்பவர்கள் பக்கத்தில் இருந்தால்தான் வரும்.

பிளாஸ்டர்ஸ் புதிர் இதில் அவிழ்கிறது என்று நினைக்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்து கொச்சி சுமார் 200 கிலோமீட்டர். ஆட்ட நாளில் மதியமே ரயிலேறி, இரவு ஆட்டம் முடிந்து, கிடைத்த ரயிலிலோ கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸிலோ நின்றுகொண்டே திரும்பி, விடிகாலையில் தம்பானூரில் இறங்குபவர்கள் உண்டு. தோற்றுத் திரும்பும் அந்தப் பெட்டியில் பேச்சு ஓயாது. ரெஃபரியைத் திட்டுவார்கள், கோச்சை மாற்றுவார்கள், பக்கத்தில் இருப்பவரிடம் பொட்டலத்தைப் பிரித்து நீட்டுவார்கள். டால்டன் கணக்கில் 8 புள்ளி இறங்கியவர்கள்தான் அத்தனை பேரும். ஆனால் இறங்கியதைச் சேர்ந்து சுமக்கிறார்கள். கைபேசியில் தனியாக ரியல் மாட்ரிட்டின் 0-4ஐப் பார்த்துவிட்டு, மூன்றரை மணிக்குத் திரையை அணைத்து, தூக்கம் வராமல் கிடப்பவருக்கு அந்தத் தோள் கிடையாது.

தோள் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் இந்த மாவட்டத்தின் கடற்கரைக்குப் போக வேண்டும். பொழியூர், விழிஞ்ஞம், பூந்துறை, வலியதுறை, வெட்டுகாடு என்று நீளும் இந்தக் கரை கால்பந்து விளையும் நிலம். பொழியூரைத் தாண்டினால் நம் குமரி மாவட்டத்து நீரோடி. அங்கிருந்து தூத்தூர், இரவிபுத்தன்துறை என்று அதே ஆட்டம் தொடர்கிறது. மாநில எல்லையைப் பந்து மதித்ததில்லை. கத்தோலிக்க மீனவ ஊர்கள் பெரும்பாலானவற்றில் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகும் வழக்கமில்லை. காலையில் பூசை, மாலையில் மைதானம். கரைக்கு ஏற்றிவைத்த வள்ளங்களுக்கும் காயப்போட்ட வலைகளுக்கும் நடுவே கிடைத்த மணலில் வெறுங்காலோடு ஆடுகிற சிறுவர்களைப் பார்த்தால், மணலில் கால் புதையப் புதைய ஓடிப் பழகியவனுக்குப் புல்தரை ஏன் லேசாக இருக்கிறது என்பது புரியும்.

வெட்டுகாட்டிலிருந்து போனவர் ஜோபி ஜஸ்டின். மின்வாரிய அணியில் ஆடி, கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். 2018 டிசம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை ஐ-லீகில் மோகன் பகானை ஈஸ்ட் பெங்கால் 3-2 என்று வென்றபோது அதில் ஒரு கோல் அவருடையது. அடுத்த மாதம் 27ஆம் தேதி, அதுவும் ஞாயிறு, அதே எதிரியை 2-0 என்று வென்ற ஆட்டத்திலும் ஒரு கோல். இரவிபுத்தன்துறையிலிருந்து போன மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று ஆடினார். இந்த ஊர்களில் கொல்கத்தா முடிவைக் கேட்டவர்கள் கேட்டது ஒரு கிளப்பின் முடிவை அல்ல. நம்ம பையன் நல்லா ஆடினானா, அடிபடாம இருக்கானா என்பதைத்தான். அவன் லீவில் வரும்போது நேரிலேயே கேட்டுவிடவும் முடியும்.

நகரத்துக்குள்ளும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. வி.பி. சத்யன், ஐ.எம். விஜயன், சி.வி. பாப்பச்சன், யூ. ஷரஃப் அலி ஆகியோர் ஆடிய கேரள போலீஸ் அணி 1990இல் திருச்சூரிலும் 1991இல் கண்ணூரிலும் ஃபெடரேஷன் கோப்பையை வென்றது. திருவாங்கூர் ஸ்டேட் பாங்க், டைட்டானியம் அணிகளின் வீரர்கள் வார நாளில் வங்கியிலும் ஆலையிலும் வேலை பார்த்தார்கள். ரசிகர் அவர்களைக் கவுன்டரில் பார்க்க முடிந்தது. 2017 ஏப்ரல் 1இல் அந்த வங்கி ஸ்டேட் பாங்க் ஆஃப் இந்தியாவில் கரைந்தது. காரியவட்டம் கிரீன்ஃபீல்டு மைதானத்தில் 2016 ஜனவரி 3, ஞாயிறு மாலை தெற்காசியக் கோப்பை இறுதியில் கூடுதல் நேரத்தில் சேத்ரி அடித்த கோலால் இந்தியா 2-1 என்று ஆப்கானிஸ்தானை வென்றதைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அடுத்த ஆண்டு நவம்பரில் அங்கே சர்வதேச கிரிக்கெட் வந்தது. அதன் பிறகு அது கிரிக்கெட் மைதானமாகவே ஊர் மனத்தில் நிலைத்துவிட்டது.

2024இல் சூப்பர் லீக் கேரளா ஆறு அணிகளோடு தொடங்கியபோது தலைநகருக்குத் திருவனந்தபுரம் கொம்பன்ஸ் கிடைத்தது. சொந்த மைதானம் பாளையத்து சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம். முதல் பருவத்திலேயே அரையிறுதி வரை போய், கோழிக்கோட்டில் காலிகட் எஃப்.சி.யிடம் 2-1 என்று தோற்றது. அது நல்ல தோல்வி என்பேன். தோற்றவர்களை நாம் நேரில் பார்த்திருந்தோம், சத்தம் போட்டு அழைத்திருந்தோம்.

பார்சிலோனாவையோ அர்ஜென்டினாவையோ யாரும் கைவிட வேண்டியதில்லை, அது நடக்கப்போவதுமில்லை. ரசிகர்களிடம் நான் கேட்பது இரண்டு. எதிர்பாராத தோல்வி வந்த இரவில் வீட்டுக்குள் நுழையும் முன் நண்பர்களோடு ஒரு டீ குடித்து ஆறிவிட்டுப் போங்கள். கோபம் வீட்டுப் பெண்கள்மேல் இறங்கினால் எந்த அணியின் பெயரும் அதற்குச் சாக்கு ஆகாது. அடுத்து, பாளையத்தில் ஆட்டம் நடக்கும் மாலையில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய் டிக்கெட் எடுத்து உட்காருங்கள். கடற்கரை ஊர்களின் பையன்கள் ஆடவருவது அங்கேதான்.